பூதக்கண்ணாடியும் ஐந்தாவது ஃபவுலும்

பஸ் கம்பெனியின் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டு அந்தக் கம்பெனியில் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. அவள் டிக்கெட் பரிசோதகர். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியவள் மாதிரி நின்றுகொண்டிருப்பாள். வண்டி நின்றதும் முன்வாசல் வழியாக ஏறி, "எல்லாரும் டிக்கெட்டைக் கையில எடுங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்டால் முறையாக டிக்கெட் வாங்கியவர்களே அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் ஏமாளிகள் என்பது அவள் கட்சி. அவள் கையைத்தான் பார்ப்பாள். டிக்கெட் இல்லாதவன் கை சட்டைப்பை, பர்ஸ், பைக்குள் இருக்கும் பை என்று எல்லா இடத்திலும் தேடும், எதையும் வெளியே எடுக்காது. கொஞ்சம் கைதேர்ந்தவன் தேடக்கூட மாட்டான். ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான், பிறந்ததிலிருந்து மரத்தையே பார்க்காதவன் மாதிரி. அப்படிப்பட்டவன் தோளைத்தான் அவள் முதலில் தட்டுவாள். "மறந்துட்டேன் மேடம்" என்று எவனாவது சொன்னால் போயிற்று. "தினம் பஸ்ல போறவருக்கு டிக்கெட் வாங்க மறக்குமா?" என்று கேட்டு, மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்கும்படி செய்துவிடுவாள்.

இந்தக் குணம் வேலையால் வந்தது என்று அவளுடைய தங்கை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்ப வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிய அன்றே, மாப்பிள்ளை போட்டிருந்த மூக்குக்கண்ணாடி நிஜமாகவே பவர் உள்ளதா, படித்தவர் போலத் தெரிய மாட்டிக்கொண்டு வந்ததா என்று கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தவள் அவள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிற வேலை பார்ப்பவர். "நல்லா பாருங்க, இடது கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்பில்தான் அவள் விழுந்தாள். அன்றும்கூடக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தாள்.

வீட்டிலும் அதே கதைதான். பால் பாக்கெட் கனம் குறைவு என்பாள். அடுத்த வீட்டுக்காரி சும்மா வந்து நலம் விசாரித்தால், எதற்கு அடிபோடுகிறாள் என்று இரண்டு நாள் யோசிப்பாள். கல்லூரிக்குப் போகும் மகளின் பையை, துவைக்கப் போடுகிற சாக்கில், கவிழ்த்துப் பார்ப்பாள்.

"அம்மா, இது வீடு. பஸ் இல்ல," என்பாள் மகள்.

"பஸ்ஸா இருந்தா உன்னை எப்பவோ இறக்கி விட்டிருப்பேன்," என்பாள் இவள்.

இப்படி எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், இருபது வருடத்துக்கு மேலாகச் சோதிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது கணவருடைய மாலைப்பொழுது. கடை சாத்தியதும் அவர் நகராட்சியின் கூடைப்பந்து மைதானத்துக்குப் போவார். அங்கே கம்பெனி அணிகளுக்குள் நடக்கும் போட்டிகளில், கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து ஃபவுல்களை எண்ணுவதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, போதை எல்லாம். அவர் ஆடியதில்லை. பந்து எதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்கிற ஆள். ஆனால் எண்ணுவதில் புலி என்று பெயர். வீட்டுக்கு வந்ததும் டம்ளர், கரண்டி, உப்பு ஜாடி எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களாக நிறுத்திவைத்து, யார் யாரை எங்கே இடித்தான் என்று சாப்பாடு ஆறும்வரை சொல்லுவார். அவளுக்கு ஒன்றும் புரியாது. உப்பு ஜாடியை மட்டும் பிடுங்கிக்கொள்வாள்.

ஒரு மாதமாக உப்பு ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது.

அதை அவள் உடனே கவனிக்கவில்லை என்பதுதான் பிறகு அவளுக்கே பொறுக்காத விஷயம். முதலில் அவள் கவனித்தது டெப்போவைத்தான். அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்பது வழக்கம். இப்போது பேச்சு நின்றபின் புன்னகை ஒன்றும் வந்தது. ஒருவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இன்னொருவன் கேட்காமலே டீ வாங்கி வந்தான். போன வருடம் அவள் எழுதிய அறிக்கையால் தண்டனை வாங்கிய நடத்துநர் ஒருவர், அவரே வலிய வந்து, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் மேடம்" என்றார்.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. தன்னைக் கண்டால் எரிச்சல்படவேண்டியவர்கள் குழைகிறார்கள் என்றால் ஏதோ நடக்கிறது. அதிலும் வீட்டுக்காரர் எதற்கு நடுவில்? இவர்களுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் என்ன சம்பந்தம்? அந்த டீயை அவள் குடிக்கவில்லை. யாரும் பார்க்காதபோது வாஷ்பேசினில் ஊற்றினாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவரை, வண்டிக்குள் ஏறியதுபோல ஏற இறங்கப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மேசையில் ஃபவுல் எழுதுகிற மார்க்கர் மை எப்போதும் அவருடைய வலது விரல்களில் ஒட்டியிருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, எத்தனை துண்டு பாழானது என்பதற்கு அவளிடம் கணக்கே உண்டு. இன்று விரல்கள் பளிச்சென்று இருந்தன.

"ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு," என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

அந்த ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. இந்த மனுஷர் எங்கேயோ போகிறார், மைதானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு. இத்தனை வருடம் ஒருவரை மட்டும் டிக்கெட் கேட்காமல் விட்டோமே, அவரா இப்படி? யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு மணி நேரம் நினைத்தாள். மைதானத்து மேசையில் நேரம் பார்க்க ஒரு உடற்பயிற்சி ஆசிரியை உட்காருவாள் என்று முன்பு அவரே சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியும் இருக்குமோ? டெப்போவுக்கே தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் போனதா? அழுகை வந்தது. ஆனால் ஆதாரம் இல்லாமல் அழுவது அவளுக்கு வழக்கமில்லை.

ஆதாரம் தேட அவளுக்கு ஒரு வழி தெரியும். பொய் சொல்கிறவனிடம் நேராகக் கேட்கக்கூடாது. அவன் போனதாகச் சொல்லும் இடத்தைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு பேச்சுவாக்கில் கேட்டால் தானாக உளறுவான். அதற்கு முதலில் அந்தப் பாழாய்ப்போன ஃபவுல் கணக்கைக் கற்க வேண்டும்.

கம்பெனி அணியில் ஆடுகிற ஓட்டுநர் ஒருவன் உண்டு. நெட்டை என்று பெயர். வண்டிக்குள் நிமிர்ந்து நின்றால் கூரை இடிக்கும். மதிய இடைவேளையில் டெப்போ ஓரம் நின்ற வண்டியில் அவன் கால்களை நீட்டிக்கொண்டிருந்தபோது ஏறினாள். அவன் அடித்துப்பிடித்து எழுந்து தலையை இடித்துக்கொண்டான்.

"உக்காருப்பா. சோதனை இல்ல. இந்தக் கூடைப்பந்துல ஃபவுல் எண்ணுறாங்களே, அது எப்படின்னு சொல்லு."

நெட்டை தலையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "எதிராளியை இடிச்சா, தள்ளினா, கையைப் பிடிச்சா ஃபவுல் மேடம். அது செஞ்ச ஆளோட கணக்குலயும் ஏறும், டீம் கணக்குலயும் ஏறும். ஒரு ஆளுக்கு அஞ்சு ஆயிட்டா அவர் வெளிய போயிடணும்."

"டீம் கணக்கு?"

"ஆட்டம் நாலு கட்டம். ஒரு கட்டத்துல ஒரு டீம் நாலு ஃபவுல் வரைக்கும் செஞ்சா பெரிய சேதாரம் இல்ல. பந்தை எதிர் டீமுக்குக் குடுத்து, கோட்டுக்கு வெளிய இருந்து உள்ள போடச் சொல்லுவாங்க. அவ்வளவுதான். அஞ்சாவதுல இருந்து ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிராளிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. தனியா நின்னு, யாரும் மறிக்காம, கூடையில போடலாம். விழுந்தா ஒண்ணொண்ணுக்கு ஒரு புள்ளி."

"இரு இரு. நாலு தப்பு வரைக்கும் சும்மா விட்டுருவாங்களா?"

"சும்மா இல்ல மேடம், எண்ணிட்டேதான் இருப்பாங்க..."

"எந்த மடையன் போட்ட சட்டம் இது? முதல் தடவையே பிடிச்சுப் போட்டா அஞ்சாவது ஏன் வருது?"

நெட்டை சட்டத்துக்காகத் தானே மன்னிப்புக் கேட்பவன் போல விழித்தான். "கூடைக்கு எறியும்போது இடிச்சா மட்டும் முதல் ஃபவுல்லயே ஃப்ரீ த்ரோ உண்டு மேடம்," என்று சமாதானம் சொன்னான். "நாலு ஆனதும் டேபிள்ல அந்த டீம் பக்கமா ஒரு சிவப்புப் பலகையை எடுத்து வெப்பாங்க. இனிமே தொட்டா ரெண்டுன்னு அர்த்தம். ரெஃப்ரி அதைத் திரும்பிப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவார்."

"அதை வெக்கிறது யாரு?"

"உங்க வீட்டுக்காரர்... தான் மேடம்."

நடுவில் அவன் ஒரு மூச்சு விட்டதை அவள் குறித்துக்கொண்டாள். "ஒரு கட்டம் முடிஞ்சதும்?"

"பலகையை எடுத்துருவாங்க. கணக்கை அழிச்சிட்டு மறுபடி சைபர்ல இருந்து."

"நாலு கட்டமும் முடிஞ்சு ரெண்டு பேரும் சமமா நின்னா?"

சும்மாதான் கேட்டாள். கேள்வி என்று ஒன்று ஆரம்பித்தால் கடைசிவரை போவது அவள் பழக்கம். நெட்டை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். வெளியே இன்னொரு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம்தான் இருந்தது.

"எக்ஸ்ட்ரா டைம் மேடம்," என்றான். பிறகு, டெப்போ முழுக்க அவள் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் புன்னகையை அவனும் சிரித்தான். "அதைப் பத்தி உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. அவருக்குத் தெரியாததா?"

அன்று சாப்பிடும்போது, அவளாகவே உப்பு ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னங்க, நாலு ஃபவுல் வரைக்கும் ஃப்ரீ த்ரோ கிடையாதாமே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் அவள் கேட்ட முதல் கூடைப்பந்துக் கேள்வி. முகம் மலர்ந்துவிட்டது. டம்ளரை நகர்த்தினார், கரண்டியைக் குறுக்கே வைத்தார். "அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நாலு வரைக்கும் செலவு பண்ணலாம்னு சில கோச்சுங்க வேணும்னே இடிக்கச் சொல்லுவாங்க. எதிர் டீம் வேகமா ஓடி வர்றப்ப நிறுத்தணும்ல? கெட்டிக்கார டீம் அவசரத்துக்குன்னு ஒண்ணு ரெண்டு மிச்சம் வெச்சுக்கும். அஞ்சாவது ஆயிட்டா அவ்வளவுதான், தொட பயப்படுவான். ஆட்டமே மாறிடும். அந்த சிவப்புப் பலகை மேல ஏறினதும் ரெண்டு டீமும் வேற மாதிரி ஓடும் பாரு..."

அந்தப் பழைய மனுஷர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவளுக்கு இந்தச் சோதனையை இதோடு நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நாக்கு நிற்கவில்லை.

"அப்ப எக்ஸ்ட்ரா டைம்ல? அதுலயும் சைபர்ல இருந்துதானா?"

அவர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"இல்ல," என்றார். "எக்ஸ்ட்ரா டைம் நாலாவது கட்டத்தோட தொடர்ச்சி. அழிக்கக் கூடாது. பலகையை எடுக்கக் கூடாது." பாடம் ஒப்பிக்கிற குரல். "யாரு உனக்கு இதைச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"நீ எதையும் சும்மா கேக்க மாட்டே," என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினார்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பாவை விட்டுரும்மா," என்று மட்டும் சொன்னாள். இவளுக்கும் ஏதோ தெரிந்திருக்குமோ என்று அவள் பார்வை மகள் பக்கம் போனது.

மறுநாள் அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். சீருடையைக் கழற்றிவிட்டு, சாதாரணத் துணியில், வெயில் தாழ்ந்த நேரத்தில் மைதானத்துக்குப் போனாள். சுற்றிலும் இரும்பு வலை. நடுவில் சிமெண்டுத் தளம். ஒரு பக்கம் ஐந்தாறு சிமெண்டுப் படிகள், அதில் கூட்டம். எதிர்ப்பக்கம் மேசை.

மேசையில் உடற்பயிற்சி ஆசிரியை இருந்தாள். நரைத்த தலை, கழுத்தில் விசில், மணிக்கூண்டு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் மட்டும் அடங்கியது. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், தன் கணவர் இருக்கவேண்டிய இடத்தில், யாரோ ஒரு மீசைக்காரர் உட்கார்ந்து ஃபவுல் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆக, பொய். இத்தனை நாளும் பொய். படியில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். கையும் களவுமாகப் பிடித்தால் எப்போதும் வருகிற திருப்தி வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனுஷர் இல்லாவிட்டால் தான் யாரைக் கேட்பது, யாரோடு சண்டை போடுவது என்று என்னென்னவோ ஓடியது.

எதிரே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. மீசைக்காரர் வலது பக்கத்தில் சிவப்புப் பலகையைத் தூக்கி வைத்தார். அப்படியானால் அந்த அணிக்கு நாலு ஆகிவிட்டது, இனிமேல் இடித்தால் இரண்டு. அந்த அணிக்காரன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டே போய், குறுக்கே நின்றவனை மார்பில் முட்டிச் சாய்த்தான். விசில். நடுவர் ஃப்ரீ த்ரோ கொடுக்காமல் பந்தை மட்டும் விழுந்தவன் அணிக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஏன் ரெண்டு குடுக்கல? சிவப்பு இருக்கே! கண்ணு தெரியலயா?"

பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. அது சரிதான். பந்து இடிச்சவன் கையிலதான இருந்துச்சு? பந்தை வெச்சிருக்கிற டீமே இடிச்சா, ஃபவுல் கணக்குல ஏறும், ஃப்ரீ த்ரோ கிடையாது. பந்து மட்டும் கை மாறும்."

"ஓஹோ," என்று உட்கார்ந்தாள். சட்டத்துக்குள் இத்தனை சந்து பொந்து இருந்தால் திருடுகிறவனுக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றியது.

"ஆனா நீங்க கேட்டது நல்லது," என்றாள் கடலைக்காரி. "கேக்கணும். எங்க வீட்டுக்காரர் காகித ஆலை டீம்ல இருக்கார். நாங்க எல்லாரும் டேபிளை நம்பி வாயை மூடிட்டு உக்காந்திருந்தோம், போன மாசம் மோசம் போனோம்."

"என்ன ஆச்சு?"

"அரையிறுதி. எங்களுக்கும் பஸ் கம்பெனிக்கும். சமமா முடிஞ்சு எக்ஸ்ட்ரா டைம் போச்சு. பஸ் கம்பெனிக்காரங்க நாலாவது கட்டத்துலயே அஞ்சு தாண்டி சிவப்புல இருந்தாங்க. அது அப்படியே தொடரணும். அப்ப டேபிள்ல இருந்தவன் ஒரு கண்ணாடிக் கடைக்காரன். பலகையை எடுத்துக் கீழ வெச்சிட்டு, கணக்கையும் அழிச்சுட்டான். கடைசி நேரத்துல எங்க ஆளை இடிச்சாங்க. ரெண்டு ஃப்ரீ த்ரோ வந்திருக்கணும். ரெஃப்ரி டேபிளைப் பார்த்தார், சிவப்பு இல்ல, பந்தை மட்டும் குடுத்தார். ஒரே ஒரு புள்ளியில தோத்தோம்."

அவள் மீசைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். "யாரும் கேக்கலயா?"

"அந்தக் கூச்சல்ல யாருக்குத் தோணும்? முடிஞ்சப்புறம்தான் எங்க கோச் தலையில அடிச்சுக்கிட்டார். முடிஞ்ச ஆட்டத்தை மாத்த முடியாதாம். அவனை டேபிளை விட்டுத் துரத்தினதோட சரி."

"மறந்துபோய் செஞ்சிருக்கலாம்ல?"

"மறந்தா?" கடலைக்காரி சிரித்தாள். "இத்தனை வருஷமா டேபிள்ல உக்காந்தவனுக்கு இது மறக்குமா? அவன் பொண்டாட்டி பஸ் கம்பெனியில பெரிய செக்கிங்காம். ஊரே அவளைப் பார்த்து நடுங்குமாம். அவ சொல்லிக் குடுத்துத்தான் இவன் செஞ்சிருப்பான். கம்பெனிக்காரங்க இப்ப அவளைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறாங்களாம்."

டீயும் நாற்காலியும் புன்னகையும் எங்கிருந்து வந்தன என்பது அவளுக்கு ஒரே நொடியில் விளங்கியது. டெப்போவில் இருக்கிற அத்தனை பேரும் அவளையும் அவரையும் திருடர்கள் என்று நினைத்துத்தான் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்தப் பொண்டாட்டி நான்தான்," என்றாள்.

கடலைக்காரியின் கை உரித்தபடியே நின்றது.

"நான் எதையும் சொல்லிக் குடுக்கல. இப்பத்தான் எனக்கே தெரியுது. என் புருஷனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? லென்ஸ் ஒரு நூல் தள்ளிப் போனாக்கூட ராத்திரி தூங்க மாட்டார். கடைக்குத் திரும்பப் போயி மாத்திட்டு வருவார். அவரா வேணும்னே செய்வார்? பார்த்தீங்களா? உங்க கண்ணால பார்த்தீங்களா?" குரல் பஸ்ஸுக்குள் பேசுகிற குரலாகவே வந்துவிட்டது. மேல்படிக்காரர்கள்வரை திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். மனதுக்குள் பெரிய பாரம் இறங்கியிருந்தது. பொய் சொன்னார்தான், ஆனால் வேறொருத்தி இல்லை, வேறு திருட்டு இல்லை. அவமானம் தாங்காமல் மறைத்திருக்கிறார், பாவம்.

கடலைக்காரி மெதுவாகக் கையை நீட்டிக் காட்டினாள். "அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால பாருங்க. தினமும் வர்றார். உள்ள வர்றதில்ல."

தொட்டிக்குப் பின்னால், இரும்பு வலைக்கு வெளியே, சைக்கிள்களுக்கு நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் படியிறங்கி, வலையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு கை வலையைப் பிடித்திருந்தது. மற்றொரு கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. விசில் கேட்டதும் நாலாவது விரலையும் மடக்கினார். மீசைக்காரர் இடது பக்கத்துப் பலகையையும் தூக்கும்வரை மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கியதும்தான் மூச்சு விட்டார். அப்போதுதான் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினார்.

திருட்டு முழி முழிக்கவில்லை. களைத்துப்போனவர் மாதிரி சிரித்தார். "வந்துட்டியா? எப்படியும் வருவேன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது?" வலைக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒவ்வொரு கட்டம் முடியிறப்பவும் விசில் ஊதினதும் பலகையை எடுத்து, அழிச்சு அழிச்சுப் பழகின கை. அன்னைக்கும் விசில் ஊதினாங்க. கை தானா போயிடுச்சு. சட்டம் தெரியாம இல்ல. கை போனதே எனக்குத் தெரியல. இதைச் சொன்னா எவனும் நம்பல. கமிட்டிக்காரங்க சிரிச்சாங்க. உன் கம்பெனிக்காரன் ஒருத்தன் கடைக்கே வந்து கை குலுக்கிட்டுப் போறான், நன்றி சார்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவர் குரல் உடைந்தது. அவளுக்கும் கண் நிறைந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மை இல்லாத, சுத்தமான கை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று படியில் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு வந்ததை அவரிடம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"வேணும்னே செய்யலையே?" என்றாள்.

அதைத்தான் சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. சொன்ன பிறகு காதில் விழுந்தது.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார், எதிர்பார்த்தது வந்துவிட்டது என்பது போல. "ஊர்ல எவன் வேணா கேட்டுட்டுப் போகட்டும். நீ ஒருத்தி கேக்காம இருந்தா போதும்னு இருந்தேன்," என்றார். "அதுக்குத்தான் சொல்லல."

"ஐயோ, நான் அப்படி நினைக்கலைங்க. சத்தியமா இல்ல. வாயில தானா வந்துடுச்சு."

"தெரியும்," என்றார். "தானாத்தான் வரும். வா, வீட்டுக்குப் போகலாம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. இந்த மனுஷருக்கு இதைவிடப் பெரிய அடியை யாரும் கொடுத்திருக்க முடியாது என்று தெரிந்து, தெருவென்றும் பார்க்காமல் அழுதுகொண்டே நடந்தாள். அவர் திரும்பிப் பார்த்து நின்று, அவள் பையை வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார். கேட்டதற்கு அவர் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை என்பது அப்போதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.